மரம் உள்ளவரை

நம்பர் ஒன்று போய்ச் சேர்ந்து ஒன்பது நாளாகிவிட்டது. காவல்காரர் இன்னும் ஆபீசுக்குச் சொல்லவில்லை.

“எத்தனை நாளைக்குத்தான் மூடி மறைப்பீங்க?” என்றாள் மனைவி, துவைத்த துணியை உதறிக்கொண்டே. “நாளைக்கு அதிகாரி வர்றாரு. எங்கேன்னு கேட்டா என்ன சொல்வீங்க?”

“பள்ளத்துல கிடக்குன்னு சொல்லவா முடியும்?”

“சொன்னா வீடு போயிடும்.”

வீடு என்றால் மலையடிவாரத்தில் இரண்டு அறையும் ஒழுகாத கூரையும். வேலையோடு வந்தது, வேலை போனால் அதுவும் போய்விடும். அவளுக்கு இது ஏழாம் மாதம்.

நம்பர் ஒன்று ஒரு மரம். உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஜாதி. இந்த ஒரு மலையில், மேகம் வந்து உட்காரும் உச்சிச் சோலையில் மட்டும் வளர்வது. வெட்டியது போக, பட்டுப்போனது போக, மிஞ்சியது அந்த ஒன்றுதான். நம்பர் இரண்டு என்று எதுவும் கிடையாது. ஆனாலும் ஆபீஸ் என்று இருந்தால் நம்பர் வேண்டுமல்லவா? தண்டில் ‘1’ என்று ஒரு அலுமினியத் தகடு அடித்திருந்தார்கள். காவலுக்கு ஒரு ஆளைப் போட்டு, அவருடைய உத்தரவில் ‘மரம் உள்ளவரை’ என்று எழுதியிருந்தார்கள்.

பதினொரு வருடமாக மரமும் இருந்தது, அவரும் இருந்தார். தினமும் இரண்டு மணி நேரம் மலையேறிப் போய்ப் பட்டையைத் தடவிப் பார்ப்பார். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து வீட்டு விஷயத்தையெல்லாம் அதனிடம் கொட்டிவிட்டு இறங்குவார். மனைவி உண்டாகியிருப்பதைக்கூட மாமியாருக்குச் சொல்வதற்கு முன்னால் மரத்துக்குத்தான் சொன்னார்.

அடிவாரத்துப் பலகையில் அந்த மரத்தின் படம் இருந்தது, கொத்துக் கொத்தாக வெள்ளைப் பூவோடு. இவர் கண்ணுக்கு அது ஒரு பூவைக்கூடக் காட்டியதில்லை. ‘இவ்வருடம் பூக்கவில்லை’ என்று வருடா வருடம் அதிகாரி எழுதிக்கொண்டு போவார்.

ஒன்பது நாளைக்கு முன்னால் அடித்த காற்றில் அது வேரோடு சாய்ந்து பள்ளத்தில் உருண்டுவிட்டது. அன்று முழுக்கக் காவல்காரர் சாப்பிடவில்லை. தகட்டை மட்டும் பிடுங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, யாரோ நெருங்கிய சொந்தத்தைப் பறிகொடுத்தவர் மாதிரி வீடு வந்து சேர்ந்தார்.

“அந்தத் தகடு எங்கே?” என்று கேட்டாள் மனைவி.

“பையில இருக்கு. அதுக்கென்ன இப்போ?”

“ஏங்க, அதிகாரி மரத்தைப் பார்க்க வர்றாரா, தகட்டைப் பார்க்க வர்றாரா?”

காவல்காரர் யோசித்தார். அவருக்குப் பொய் சொல்ல வராது, சொன்னால் காது சிவந்துவிடும். கொடியில் காய்ந்த சின்னச் சின்னத் துணிகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உள்ளே போய்ச் சுத்தியலையும் ஆணியையும் எடுத்துக்கொண்டு மலையேறினார்.

பத்தடி தள்ளி ஒரு மரம் வாகாக நின்றது. அதே பருமன், அதே சாம்பல் பட்டை, சோலையில் எங்கே திரும்பினாலும் பார்க்கக்கூடிய சாதாரண மரம். தகட்டை அதில் அடித்தார். வேர் பிடுங்கிய குழியில் சருகை அள்ளிப்போட்டு மூடினார்.

மறுநாள் அதிகாரி மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். அவரும் ஒரு காலத்தில் இந்த மலையில் நம்பர் ஒன்றுக்குக் காவல் இருந்தவர்தான். பரீட்சை எழுதி மேலே போனவர். வந்ததும் ஒரு பாறையில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டார். அப்புறம் எழுந்து நெஞ்சு உயரத்தில் டேப்பைச் சுற்றினார்.

“போன வருஷத்துக்கு நாலு சென்டிமீட்டர் கூடியிருக்கு. நல்லா கவனிச்சுக்கிறேய்யா.”

“ஆமா சார்.” காது சிவந்தது.

“பூத்துச்சா?”

“இல்லை சார்.”

அதிகாரி வழக்கமான வரியை எழுதிக் கையெழுத்துப் போட்டுப் பேனாவை மூடினார். காவல்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்த நேரம் பார்த்து அதிகாரி குனிந்து தகட்டுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார்.

“ஆணி பளபளன்னு இருக்கே?”

காவல்காரரின் பார்வை சருகு மூடிய குழிக்குப் போனது.

“என்னய்யா, உன்னைத்தான் கேக்கறேன்.”

“சார், மன்னிச்சிடுங்க சார்! நம்பர் ஒன்னு விழுந்துடுச்சு. பத்து நாளாச்சு. இது வேற மரம். வீட்டுல மாசமா இருக்கா, வீட்டைக் காலி பண்ணச் சொன்னா எங்கே போவேன்னு...” அப்படியே ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

அதிகாரி திட்டவில்லை. எழுதியதை அடிக்கவும் இல்லை. காலடியில் ஒரு சிட்டிகைச் சேற்றை எடுத்து, ஆணித் தலையில் நிதானமாகப் பூசினார். தள்ளி நின்று பார்த்தார். திருப்தியில்லாமல் இன்னும் கொஞ்சம் பூசினார்.

“வேலை போனா போகட்டும் சார்!” காவல்காரர் குழந்தை மாதிரி தேம்பினார். “உலகத்துக்கே அது ஒன்னுதான் மிச்சம் இருந்துச்சு. அதையும் சாகவிட்டுட்டேனே! கடைசி மரம் சார் அது, கடைசி மரம்!”

அதிகாரி கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டார்.

“கடைசி மரம் நான் காவல் இருந்தப்பவே விழுந்துடுச்சுய்யா.”