சின்னய்யா
மாலை வெயில் மேசையில் சாய்ந்து கிடக்கிறது. லயனலின் நாடாளுமன்ற உரையை அவருடைய செயலரான நான்தான் தட்டச்சு செய்தேன். பிழை இருக்குமோ என்று மூன்றாம் முறையாகப் பார்க்கிறேன். மாடியில் அவருடைய தந்தை, கிழப் பிரபு, இழுத்து இழுத்து மூச்சு விடுவது இங்கே கேட்கிறது. அவர் போனால் பிரபுப் பட்டம் மகனுக்கு வரும். பட்டம் வந்தால் பிரபுக்கள் அவைக்குப் போயாக வேண்டும்; மக்களவை இருக்கை அன்றே பறிபோகும். வியாழனன்று கட்சி லயனலைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப் போகிறது. "வியாழன் வரைக்கும் மூச்சப் பிடிச்சு வச்சுக்கச் சொல்லி அப்பாகிட்ட கெஞ்சிப் பாரேன், அண்ணா" என்று லயனலைச் சீண்டுகிறாள் அவர் தங்கை சிபில். "வாய மூடு, சிபில்." மேலே சத்தம் நிற்கிறது. கணப்படுப்பருகே நாய் தலையைத் தூக்குகிறது. முதிய பணியாள் டாப்சன் ஒவ்வொரு படியாக இறங்கி வருகிறார். நாற்பது வருடமாகச் "சின்னய்யா" என்றே கூப்பிட்டவர், லயனலின் முன்னால் குனிந்து, "பிரபுவே" என்கிறார்.