மாடியில் முதலில் விழும் கோல்

“கீழ உங்கப்பன் டிவி முன்னாடி உக்காந்தாச்சா?” என்று கேட்டார் பெரியப்பா.

நான் டீ டம்ளரை அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தேன். “உக்காந்தாச்சு பெரியப்பா. இன்னைக்காவது கொஞ்சம் மெதுவாக் கத்துங்க.”

“ஏன், தொரைக்குக் காது வலிக்குதாமா? நல்லா வலிக்கட்டும்.” சிரித்துக்கொண்டே ஆன்டெனாவை ஒரு விரலால் திருப்பினார். கட்டம் கட்டமாக உடைந்திருந்த படம் ஒன்று சேர்ந்தது. அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

கீழே அப்பா ஒட்டடைக்கம்பைக் கையருகே சாத்தி வைத்திருந்தார். பெரியப்பா கத்தினால் சீலிங்கை இடிப்பதற்கு.

“மேல இருக்கறவர் வாயை ஒரு நாளைக்காவது தைக்கணும்” என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார். சொல்லிவிட்டு டிவியின் சத்தத்தைக் குறைத்தார். சத்தமாக வைத்தால் தலையை இடிக்கிறதாம்.

பெரியப்பாவுக்குப் பழைய ஆன்டெனா. எங்களுக்கு இணையத்தில் வரும் பெரிய டிவி. அகலம் இருக்கிறதே தவிர, கால்பந்தாட்டம் எங்களுக்கு அரை நிமிடம் பிந்தித்தான் வரும். அதனால் எந்தக் கோலும் முதலில் மாடியில்தான் விழும். எந்த அணி போட்டாலும் பெரியப்பா கத்துவார். “கோ...ல்! ஏழாம் நம்பர்! இடது கால்!” அதன் பிறகு நாங்கள் பார்க்க என்ன மிச்சம்?

“சினிமாவுக்குப் போறவன் காதுல கிளைமாக்ஸைச் சொல்ற ஜென்மம்” என்று அப்பா கம்பை எடுத்து இடிப்பார். மேலிருந்து பெரியப்பா பதிலுக்குக் காலால் மிதிப்பார்.

கேபிள்காரர்கூட ஒருமுறை சொன்னார். “சார், மாடியிலேர்ந்து ஒரு ஒயர் இழுத்தாப் போதும். ரெண்டு வீட்டுக்கும் ஒரே நேரத்துல வந்துடும்.”

“சுவர்ல ஒயர் தொங்கினா பாக்க நல்லாவா இருக்கும்?” என்றார் அப்பா. அந்தச் சுவரில் ஏற்கெனவே துணிக்கொடியும் போன் ஒயரும் ஒழுகும் தண்ணீர்க் குழாயும் இருந்தன.

அப்பாவும் பெரியப்பாவும் பையன்களாக இருந்தபோது தெருவுக்கே எங்கள் வீட்டில்தான் டிவி. கறுப்பு வெள்ளைப் பெட்டி. மைதானத்தின் ஒரு மூலையில் ஒரே கேமரா. பந்து கடுகளவு தெரியும். கொஞ்சம் காற்றடித்தால் அந்தக் கடுகும் போய்விடும். அப்பா மொட்டை மாடியில் ஆன்டெனாக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பெரியப்பா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கத்துவார். “வந்துடுச்சுடா... அப்படியே நில்லு... ஐயோ, அசையாதே... கோல்டா தம்பி, கோல்!” அந்தக் காலத்து ஆட்டங்களில் பாதியை அப்பா அப்படித்தான் பார்த்திருக்கிறார்.

பிறகு கலர் வந்தது. அதில் ஒரு நாள் பந்து கோல் கம்பத்தில் பட்டுக் கோட்டின் மேல் விழுந்தது. பெரியப்பா கோல் என்றார். அப்பா இல்லை என்றார். ஒரே ஒரு தரம் திருப்பிக் காட்டினார்கள், அதுவும் தூரத்திலிருந்து. “உனக்கு என்னைக்குடா கண்ணு தெரிஞ்சிருக்கு?” என்று தொடங்கிய சண்டை, தாத்தாவைக் கடைசிக் காலத்தில் யார் பார்த்துக்கொண்டது என்பதில் போய் முடிந்தது. அன்றோடு பேச்சு நின்றது.

இப்போது இருபது கேமரா. பந்தை உறைய வைத்து, கோடு போட்டு, மயிரிழை இடைவெளியைக்கூடக் காட்டிவிடுகிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் அம்மா முணுமுணுப்பாள். “இந்தப் பாழாப்போன மெஷின் அன்னைக்கே வந்திருந்தா அண்ணனும் தம்பியும் ஒரே சோபால உக்காந்திருப்பாங்க.”

பெரியம்மா போன பிறகு பெரியப்பாவுக்குச் சாப்பாடு எங்கள் வீட்டிலிருந்துதான் மேலே போனது. பேச்சு மட்டும் போகவில்லை.

அன்று முதல் பாதியில் கோல் இல்லை. இரண்டாம் பாதியிலும் பாதி தாண்டியிருக்கும். மூலையிலிருந்து வந்த பந்தை ஒருவன் தலையால் முட்ட, பந்து வலைக்குள் போனது.

யாரும் முன்கூட்டிச் சொல்லாமல் அந்த வீட்டில் நான் பார்த்த முதல் கோல் அது. துள்ளிக் கைதட்டினேன். “அப்பா, பாத்தீங்களா!”

நாற்காலி காலியாக இருந்தது. கம்பு தரையில் உருண்டு கிடந்தது. அத்தனை வருஷமாக மிதிக்காத மாடிப்படியில் அப்பா செருப்புகூட இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தார்.

நான் பின்னால் ஓடினேன். மேலே டிவியில் ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டிருந்தது. டம்ளரில் டீ பாதி இருந்தது. பெரியப்பா நாற்காலியில் சாய்ந்திருந்தார், கண் அசந்தவர்போல.

அப்பா அவர் தோளைப் பிடித்துக் குலுக்கினார். “அண்ணே... கோல்ண்ணே... கோல் விழுந்துடுச்சுண்ணே...”

எத்தனை தடவை சொன்னாரோ. டாக்டர் வந்து தோளிலிருந்து அப்பாவின் கையை எடுத்துவிடும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

வந்திருந்த சொந்தக்காரர்கள் எல்லாம் கிளம்பிப் போன பிறகு, ஒரு மாலையில் ஆட்டம் இருந்தது. அப்பா டிவி பக்கமே வரவில்லை. அவர் மனசு கொஞ்சம் மாறட்டும் என்று அம்மா என்னைப் போடச் சொன்னாள். போட்டேன். எங்கள் ஆட்டம் இன்னும் அரை நிமிடம் பிந்தித்தான் வருகிறது.

“அணைச்சுடும்மா” என்றார் அப்பா.

“நீங்க ஒரு மேட்ச் விட்டதில்லையேப்பா?”

அப்பா சீலிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மேட்சை யாரு பாத்தா? எங்கண்ணன் குரலை நான் வேற எப்பம்மா கேக்கறது?”