இரண்டாம் பிணைதாரர்

பிணைதாரர்களை முன்னே வரச் சொன்னார் நடுவர்.

அவன் கூண்டில் நின்றிருந்தான். கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கட்டிக்கொண்டால் திமிர் என்று நினைப்பார்கள். தொங்கவிட்டால் குற்றவாளி என்பார்கள்.

முன்ஜாமீன் கிடைத்திருந்தது. இருவர் பிணை நிற்க வேண்டும் என்பது நிபந்தனை. ஒருவர் குறைந்தாலும் இன்று மாலை அவன் சிறையில் இருப்பான்.

முதலில் சகாயராஜ் வந்தான். மின்வாரிய அலுவலகத்தில் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, வீட்டு வரி ரசீதை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு, ஒன்பது மணிக்கே நீதிமன்ற வாசலில் காத்திருந்தவன்.

அவனுக்குப் பின்னால் முபாரக்.

பாலிடெக்னிக்கில் மூவரும் ஒரே பெஞ்சு.

"இவரைத் தெரியுமா உங்களுக்கு?"

நடுவர் அம்மையார் கோப்பிலிருந்து தலையை உயர்த்தவில்லை. பிணை நிற்க வரும் எல்லோரிடமும் கேட்கப்படும் கேள்விதான்.

"தெரியும்ங்கம்மா. இருபத்தாறு வருசமா."

"உங்களுக்கு இவர் என்ன வேணும்?"

"ஃப்ரெண்டுங்கம்மா. கூடப் பொறந்தவன் மாதிரி. தப்புப் பண்ற ஆளே இல்லைங்க."

"அதை நான் கேக்கலை."

வக்கீல்களின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். சகாயராஜும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டான்.

தப்புப் பண்ற ஆளே இல்லை.

அவன் கூண்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

அவனுடைய குடிநீர் ஆலைக்குச் சீல் வைத்துப் பத்தொன்பது நாட்கள் ஆகியிருந்தன. தண்ணீர்க் கேன்கள் முற்றத்து வெயிலில் நிறம் மங்கிக் கிடந்தன. வேலையாட்கள் வேறிடம் தேடிக்கொண்டார்கள். பெயர்ப்பலகையின் மீது எவரோ கல்லெறிந்திருந்தார்கள்.

அவன் அனுப்பிய தண்ணீரைக் குடித்து, மகளிர் விடுதி ஒன்றிலிருந்து பதினொரு பெண்கள் மருத்துவமனைக்குப் போனார்கள்.

பத்துப் பேர் திரும்பிவிட்டார்கள்.

பதினோராவது பெண்ணுக்குச் சிறுநீரகம் பழுதாகியிருந்தது.

தண்ணீரில் கிருமியை அழிக்கும் விளக்கு, அதை அனுப்பிய அன்று காலையில்தான் எரியாமல் போனது என்று காவல் நிலையத்தில் அவன் எழுதிக் கொடுத்திருந்தான். அந்த ஒரு வரியின் மேல்தான் வக்கீல் வழக்கை நிறுத்தியிருந்தார்.

விளக்கு எரியாமல் போய் அன்றைக்குப் பதினாறு நாட்கள்.

அதை அறிந்தவர்கள் இருவர். ஒருவன் அவன். மற்றவன், ஆலையின் இயந்திரங்களை மாதம் ஒரு முறை வந்து பார்த்துக் கொடுக்கும் முபாரக்.

"மாப்ள, தண்ணிய நிறுத்து. வெளக்க மாத்திட்டு அனுப்பு" என்று அப்போதே சொல்லியிருந்தான் முபாரக்.

"முகூர்த்த மாசம்டா. ஒரு நாள் நிறுத்துனா பார்ட்டி பூரா வேற கம்பெனிக்குப் போயிருவான். அடுத்த வாரம் மாத்திக்கலாம்."

முபாரக் மேற்கொண்டு வாதிடவில்லை. இயந்திரத்தில் தொங்கிய அட்டையில் தேதியைப் போட்டு, விளக்கு எரியவில்லை என்று எழுதி, வழக்கம்போல் கையெழுத்திட்டான்.

சீல் வைக்க அதிகாரிகள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாக, முபாரக்குக்குத் தெரியாமல், அந்த அட்டையை அவன் அறுத்தெடுத்துவிட்டான்.

செய்தி கேட்டு ஓடி வந்த முபாரக், வெறும் நூல் தொங்குவதைப் பார்த்தான். எதுவும் கேட்கவில்லை. அன்றும் கேட்கவில்லை, அதன் பிறகும் கேட்கவில்லை.

"அடுத்தவர்."

முபாரக் முன்னே வந்தான்.

"இவரைத் தெரியுமா?"

"தெரியும்மா."

"எத்தனை வருசமா?"

முபாரக் ரசீதின் ஓரத்தை மடித்தான், பிரித்தான். நடுவர் முதல் முறையாகத் தலையை உயர்த்தினார்.

"இருபத்தாறு வருசம்."

"உங்களுக்கு என்ன வேணும்?"

முபாரக் திரும்பிக் கூண்டைப் பார்த்தான்.

அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை என்று அவனுக்குத் தோன்றியது.

"தெரிஞ்சவருங்க."

நடுவர் அப்படியே எழுதிக்கொண்டார்.

முபாரக் கையெழுத்துப் போட்டான். ரசீதை இரு கைகளாலும் நீட்டினான்.

வெளியே வேப்பமரத்தடியில் சகாயராஜ் அவன் தோளை உலுக்கினான்.

"முடிஞ்சதுடா மாப்ள! மூஞ்சிய ஏன் இப்படி வச்சிருக்க? கேஸு நிக்காது. நீ என்ன வேணும்னா பண்ணுன?" பிறகு முபாரக்கின் பக்கம் திரும்பினான். "ஏன்டா, தெரிஞ்சவருங்கிற? உன் கல்யாணத்துல பந்தி பூரா ஓடி ஓடிப் பரிமாறுனவன்டா இவன். ஜட்ஜம்மாவப் பார்த்து உளறிட்டியா?"

முபாரக் பாக்கெட்டிலிருந்து வண்டிச் சாவியை எடுத்தான்.

சகாயராஜ் கடிகாரத்தைப் பார்த்தான். மதியம் அலுவலகத்தில் இருக்க வேண்டும். சாயங்காலம் வீட்டுக்கு வருவதாகச் சொன்னான். வேகமாக நடந்து போனான்.

இருவரும் எஞ்சினார்கள்.

எதையாவது சொல்ல வேண்டும் என்று அவன் நினைத்தான். நன்றி சொல்லத் துணிவு வரவில்லை.

முபாரக் தன் பைக்கின் பூட்டைத் திறந்தான்.

"அந்தப் பொண்ணு எந்த வார்டு?"

அவனுக்குத் தெரியாது. பத்தொன்பது நாட்களில் ஒரு முறைகூட அவன் விசாரித்திருக்கவில்லை.

"ஆஸ்பத்திரிப் பக்கமே போகக் கூடாதுன்னு வக்கீல் சொல்லியிருக்காருடா. போனா நம்மளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்னு…"



முபாரக் வண்டியைக் கிளப்பினான்.

போகவில்லை.

ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி, சாலையைப் பார்த்துக்கொண்டே, பின்னால் ஒருவருக்கு இடம் விட்டு, இருக்கையில் சற்று முன்னே நகர்ந்து உட்கார்ந்தான்.