வளைவில் கூப்பிடும் பெயர்

"மலையேறுற சங்கத்துல சேந்துக்கலாமுங்களா?" என்று சண்முகப்பிரியா போன மாதம் கேட்டாள். "சேந்துக்கலாம். ஆனா முட்டி வலிக்குதுன்னா நான் தூக்கிக்கிட்டு வரமாட்டேன்" என்றார் கணவர் அர்த்தநாரி. இப்போது சங்கத்தாரோடு ஜருகுமலைப் பாதையில் அவர் முன்னே, அவள் பின்னே. கீழே பனமரத்துப்பட்டி ஏரி காலை வெயிலில் மினுங்குகிறது. ஒவ்வொரு வளைவிலும் முன்னால் போகிறவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும்; யாரும் தவறிப்போகாமலிருக்கச் சங்கத்தில் வைத்திருக்கும் வழக்கம் அது. அவள் முறை வருகிறது. புருஷன் பெயரைச் சொல்லிப் பழக்கமில்லாதவள், வீட்டில் கூப்பிடுவதுபோல "ஏனுங்க" என்கிறாள். தங்கள் மனைவிதான் கூப்பிடுகிறாள் என்று முன்னால் போகும் நாலு வீட்டுக்காரர்களும் ஒருசேரத் திரும்புகிறார்கள். சிரிப்பு பாறையில் பட்டு எதிரொலிக்கிறது. புது ஷூவைப் பார்த்தபடி அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்கிறாள். கல்யாணமான நாளிலிருந்து கேட்கக் கூச்சப்பட்டதை, தண்ணீர் பாட்டிலை நீட்டிக்கொண்டே அர்த்தநாரி கேட்டுவிடுகிறார்: "ஒருக்கா எம் பேரச் சொல்லிக் கூப்புடு, பிரியா."