கரடியின் டாட்டா

கேளிக்கைப் பூங்காவில் கரடி வேஷத்துக்கு ஆள் எடுத்தார்கள். தேர்வுக்கு வந்து வரிசையில் நின்ற அவருடைய நம்பர் பதினேழு. இதுவும் கைநழுவினால் மனைவி முகத்தில் எப்படி விழிப்பது?

"தலையை மாட்டினப்புறம் பேசக் கூடாது. பேசினா அவுட்," என்றார் போன மாதம்தான் வேலைக்குச் சேர்ந்த பெண் மேலாளர்.

கரடித் தலைக்குள் வியர்வை கண்ணில் இறங்கியது. அவர் துள்ளினார், இடுப்பை ஆட்டினார், தொப்பென்று விழுந்து எழுந்தார். வேடிக்கை பார்க்க வந்து அழுதுகொண்டிருந்த குழந்தைகூடச் சிரித்துவிட்டது. கடைசியாக வலது கையை வானத்தைத் தொடுகிற மாதிரி உயர்த்தி டாட்டா காட்டினார்.

மேலாளர் உதட்டைப் பிதுக்கினார். "எல்லாம் பிரமாதம், டாட்டாதான் சொதப்பிட்டீங்க. எங்க பழைய கரடி எட்டு வருஷமா இடது கையாலதான் காட்டும். பசங்க அதைத்தான் கேக்குறாங்க. உங்களைப் போடலாமா வேணாமான்னு யோசனையா இருக்கு."

அவருக்குப் பொறுக்கவில்லை. கரடித் தலைக்குள்ளிருந்தே கத்தினார்.

"மேடம், அந்தப் பழைய கரடியே நான்தான்! அப்போ வலது கையைத் தூக்க வராது. அதைச் சொல்லித்தான் என்னை நிறுத்தினாங்க. ஆபரேஷன் பண்ணிச் சரியாக்கிட்டு வந்திருக்கேன்!"

மேலாளர் பட்டியலில் பதினேழை அடித்தார்.

"எங்க பழைய கரடி எட்டு வருஷத்துல ஒரு வார்த்தை பேசினதில்ல. பதினெட்டு, வாங்க!"