காயாத கோடு

"எண்பதைத் தாண்டினா முன்வீல் ரோட்டுல இருக்கற மாதிரியே இல்லண்ணே, மிதக்குது" என்று சொல்லி ஒரு கொரியர்காரர் பைக்கை என் பட்டறையில் விட்டுவிட்டுப் போனார். இந்த வாரம் இதே புகாரோடு வரும் மூன்றாவது வண்டி. மூன்றையும் நான் இதற்கு முன் தொட்டதே இல்லை.

டயரில் காற்று சரி. ஃபோர்க்கும் சரி. ஹேண்டில்பாரின் கழுத்தைத் திறந்தேன். நட்டு தளர்ந்திருந்தது. அதன் குறுக்கே, மற்ற இரண்டிலும் இருந்த மாதிரியே, சிவப்பாக ஒரு கோடு.

நட்டை முறுக்கியதற்கு அடையாளமாகக் கோடு போடுவது என் பழக்கம். பெயிண்ட் தீர்ந்த அன்று தங்கையின் சிவப்பு நெயில் பாலிஷில் போட்டேன், அவள் புருஷன் வண்டிக்கு. கோட்டை முதலில் போட்டேன். போன் வந்தது. முறுக்க மறந்துவிட்டேன்.

மாப்பிள்ளை இறந்த விபத்தை விசாரிக்க வந்தவர் கோட்டை மட்டும் பார்த்துவிட்டு, "முறுக்கித்தான் கொடுத்திருக்கீங்க, உங்க மேல தப்பில்ல" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பாலிஷ் புட்டியைத் தூக்கி எறிந்து இரண்டு வருடம் ஆகிறது.

கோட்டைத் தொட்டேன். விரலில் ஒட்டியது.

மதியச் சாப்பாட்டோடு வந்த தங்கை, "இந்த வண்டிக்கு என்னண்ணா?" என்றாள்.

"எண்பதைத் தாண்டினா மிதக்குதாம்."

அவள் டிபன் கேரியரை அப்படியே கீழே வைத்தாள். "அவரும் அன்னிக்குக் காலையில இதைத்தான் சொன்னாரு. அண்ணன்கிட்ட சொல்லிடுன்னாரு. நான்தாண்ணா மறந்துட்டேன்."

விரலைத் துணியில் அழுத்தித் துடைத்தேன்.

"உன் மேல தப்பில்லம்மா" என்றேன்.

விரல் சிவப்பாகவே இருந்தது. ஈரமாகவும்.