ஊரிலேயே மலிவு

“பெட்ரோல் முள்ளு சிவப்புக்கும் கீழ படுத்துடுச்சு சார். முக்குல ஒரு பங்க் இருக்கு, ரெண்டே நிமிஷம்” என்றார் டாக்சிக்காரர்.

பின்னிருக்கையில் மேடைப் பேச்சை முணுமுணுத்துக்கொண்டிருந்த பிரமுகர் விருட்டென்று நிமிர்ந்தார். கஞ்சி போட்ட சட்டையும் கூடவே நிமிர்ந்தது.

“அங்க வேண்டாம். வேற எங்கயாவது போடு.”

“பத்து மணிக்கு மேடையில இருக்கணும்னு நீங்கதானே குதிச்சீங்க?”

“ஆமாய்யா! கொஞ்சம் பிந்தினாலும் எனக்குத் தர்ற பட்டத்தை என் மச்சானுக்குத் தூக்கிக் கொடுத்துடுவானுங்க. முன்வரிசையில வாயைப் பிளந்துகிட்டு உட்கார்ந்திருப்பான்.”

சிக்னலில் வண்டி நின்றது. டாக்சிக்காரர் கைப்பேசியைத் தடவிப் பின்னால் நீட்டினார்.

“பாருங்க சார், எல்லா பங்க் விலையும் இதுல வருது. முக்கு பங்க்தான் ஊரிலேயே மலிவு. அடுத்தது நாலு கிலோமீட்டர், விலையும் ஜாஸ்தி.”

பிரமுகர் திரையைப் பார்க்கவே இல்லை.

“செருப்பைக்கூட மலிவா வாங்காதவன்யா நான்! தரம்னு ஒண்ணு இருக்கு. அந்த நாலு கிலோமீட்டருக்கே போ. கூடுதல் காசை நான் தர்றேன்.”

“காசு தருவீங்க. நடுவழியில நின்னா வண்டியைத் தள்ளுவீங்களா?”

“தள்ளுறேன்!”

டாக்சிக்காரர் கண்ணாடி வழியாக அவரை ஒரு மாதிரி பார்த்தார். பட்டம் வாங்கப் போகிற மனிதர் வண்டி தள்ளச் சம்மதித்து அவர் கேள்விப்பட்டதே இல்லை.

அதற்குள் வண்டி இருமியது. குலுங்கியது. பின்னாலிருந்து வந்த கெஞ்சலைக் காதில் வாங்காமல் அவர் பங்க்குக்குள் திருப்பிவிட்டார்.

பிரமுகர் இருக்கையில் சரிந்து, பேச்சுத் தாளால் முகத்தை மூடிக்கொண்டார்.

“ஒரே ஒரு லிட்டர் போதும்யா, சொன்னாக் கேளு!”

“இந்த விலைக்குக் கிடைக்கிறப்ப ஒரு லிட்டரா? நல்லாயிருக்கே! தம்பி, டேங்கை நிரப்பிடு!”

மீட்டர் ஓடியது. பிரமுகர் கடிகாரத்தைப் பார்த்தார், கண்ணை மூடிக்கொண்டார். டேங்க் நிரம்பியது.

குழாயை எடுத்து மாட்டிய பங்க் பையன் பின்சன்னலில் குனிந்து பார்த்தான். முகமெல்லாம் பல்.

“அட, முதலாளி! டாக்சியிலயா வர்றீங்க? அப்போ உங்க காரு இன்னும் பட்டறையில இருந்து வரலையா? பாவம், உங்க பையன் விவரம் தெரியாம நேத்து அதுக்கு நம்ம பங்க்லயே பெட்ரோல் போட்டுட்டாராமே!”